வயிற்றுக் கிருமிக்கும் விழித்திரைக்கும் என்ன சம்பந்தம்? எச்.பைலோரி சிகிச்சையால் கண் பார்வை திரும்புமா?

வானகரம் சிக்னலில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒரு பக்கம் அயனம்பாக்கம் சாலையில் பெரிய தனியார் மருத்துவமனை. வயிறு, குடல், கல்லீரல் என எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனி டாக்டர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் போனால் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை. வயிற்றுக்கு ஒரு ஃபைல், கண்ணுக்கு ஒரு ஃபைல். இரண்டு ஃபைலும் ஒரே மேஜையில் சந்திப்பது அபூர்வம்.

ஆனால் கடந்த 20, 25 வருடங்களாக உலகம் முழுவதும் சில கண் மருத்துவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அல்சருக்குக் காரணமான அதே பாக்டீரியா, கண்ணின் விழித்திரையில் நீர் கோர்ப்பதற்கும் காரணமாக இருக்குமோ?

கேட்டதும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது போலத்தான் இருக்கும். ஆனால் இதன் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. அந்த ஆய்வுகளில் ஓட்டைகளும் இருக்கின்றன. இணையத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு, "டாக்டர், எனக்கு அந்தக் கிருமிக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று கேட்பவர்கள் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

எந்தக் கண் நோய் பற்றிப் பேசுகிறோம்?

சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி. வாயில் நுழையாத பெயர். கண் டாக்டர்கள் சுருக்கமாக சி.எஸ்.சி.ஆர் என்பார்கள்.

நம் கண்ணின் பின்சுவரில் கேமரா ஃபிலிம் போல ஒட்டியிருப்பது விழித்திரை. அதற்குக் கீழே ரத்தக்குழாய்கள் நிறைந்த கோராய்டு என்ற படலம். இரண்டுக்கும் நடுவில் தடுப்புச்சுவர் போல ஒரு செல் அடுக்கு. கோராய்டில் உள்ள ரத்தக்குழாய்கள் வீங்கி நீர் கசிய ஆரம்பித்தால், அந்தத் தடுப்பு எங்கேயாவது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்துவிடும். நீர் மேலே ஏறி விழித்திரைக்குக் கீழே தேங்கும். சுவரில் ஈரம் ஏறி பெயின்ட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அது போலத்தான்.

உப்பும் இடம் பெரும்பாலும் மாக்குலா. படிக்க, முகம் பார்த்து அடையாளம் காண, ஊசியில் நூல் கோர்க்க நாம் பயன்படுத்தும் மையப்பகுதி அது. அதனால் வலி இருக்காது, கண் சிவக்காது. பார்வையின் நட்டநடுவில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரியும். நேர்கோடு வளைந்து தெரியும். ஒரு கண்ணால் பார்க்கும்போது பொருட்கள் கொஞ்சம் சின்னதாகவும், நிறம் மங்கியும் தெரியும். ஜன்னல் கம்பியையோ தரை டைல்ஸ் கோட்டையோ ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் சட்டென்று பிடிபட்டுவிடும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்க்கும்போது நல்ல கண் சமாளித்துவிடுவதால் பல வாரம் கவனிக்காமல் விட்டவர்கள் நிறைய.

20 முதல் 50 வயது வரையிலான ஆண்களிடம் இது அதிகம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு கவுண்டியில் எடுத்த கணக்கில், பெண்களைப் போல சுமார் 6 மடங்கு ஆண்களுக்கு வந்திருந்தது. வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் வயது. வண்டி ஓட்டும் வயது. அதுதான் இதில் கவலை.

ஆறுதலான விஷயமும் உண்டு. முதல்முறை வருபவர்களில் பெரும்பாலானோருக்கு மூன்று, நான்கு மாதத்தில் நீர் தானாகவே வற்றிவிடுகிறது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்த பாக்டீரியா யார்?

ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருக்கமாக எச்.பைலோரி. சுருள் வடிவக் கிருமி. வயிற்று அமிலத்திலேயே குடித்தனம் நடத்தக் கூடியது. 1980-கள் வரை அல்சருக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று மருத்துவர்களே நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் "இல்லை, கிருமி" என்றபோது யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1994-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வயிற்றுப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகள் பட்டியலில் இந்தக் கிருமியை முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "கவலையால் வருவது" என்று நினைத்த ஒரு நோய் கிருமியால் வருவதாக நிரூபணமானது மருத்துவ உலகத்துக்குப் பெரிய அதிர்ச்சி. அப்புறம் "கவலையால் வருவது" என்று எழுதி வைத்திருந்த மற்ற நோய்களின் பக்கமும் பார்வை திரும்பியது. சி.எஸ்.சி.ஆர் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தது. எப்போதும் பரபரப்பாக, போட்டி மனப்பான்மையோடு இருப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்று அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் யானுஸி 1987-ல் எழுதியிருந்தார். அல்சருக்கு நடந்தது இதற்கும் நடக்குமா என்ற எதிர்பார்ப்பு இயல்பானதுதான்.

ஆய்வுகள் என்ன சொன்னன?

2001-ல் இத்தாலியில் இருந்து ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வெளியானது. கண்ணில் நீர் கோர்த்தவருக்கு வயிற்றில் எச்.பைலோரி இருந்தது. கிருமியை ஒழித்தார்கள், பார்வையும் சரியானது. ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கதவு திறந்துவிட்டது.

2006-ல் அதே இத்தாலியில் கொஞ்சம் பெரிய ஆய்வு. சி.எஸ்.சி.ஆர் வந்த 23 பேரைப் பரிசோதித்தார்கள். 78.2 சதவீதம் பேருக்கு எச்.பைலோரி. கண் நோய் இல்லாதவர்களிடம் 43.5 சதவீதம். பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் 23 பேரில் 78.2 சதவீதம் என்றால் 18 பேர்தான். நாலைந்து பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறியிருந்தால் கதையே வேறு.

சரி, கிருமி இருப்பது தெரிந்தது. அதை ஒழித்தால் கண் சீக்கிரம் குணமாகுமா? முக்கியமான கேள்வி இதுதான். இதற்கு ஈரானில் ஒரு குழு 2011-ல் பதில் தேடியது. கண்ணில் நீரும் வயிற்றில் கிருமியும் இருந்த 50 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 25 பேருக்குக் கிருமிக்கான மாத்திரை, மீதி 25 பேருக்கு இல்லை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு சராசரியாக 9.28 வாரத்தில் நீர் வற்றியது. மற்றவர்களுக்கு 11.63 வாரம். சுமார் 16 நாள் முன்கூட்டியே. ஆனால் கடைசியில் பார்வைத் திறனில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2013-ல் சீனாவில் 53 பேரை வைத்து இதே போல ஒரு ஆய்வு. நீர் வற்றியதிலும் பார்வை அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. விழித்திரையின் மையப்பகுதி ஒளியை உணரும் திறன் மட்டும் கிருமி சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னேறியிருந்தது.

ஆக, ஒரு ஆய்வு "கொஞ்சம் சீக்கிரம்" என்கிறது. இன்னொன்று "அதில் வித்தியாசம் இல்லை, வேறொன்றில் இருக்கிறது" என்கிறது. இரண்டுமே சின்ன ஆய்வுகள். தானாகவே வற்றிவிடும் நோயில், எந்த மாத்திரை கொடுத்தாலும் அந்த மாத்திரையால்தான் வற்றியது என்று தோன்றும். முன்னால் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரி இதற்குத்தான்.

வயிற்றில் இருக்கும் கிருமி கண்ணுக்கு எப்படிப் போகும்?

கிருமி நேரடியாகக் கண்ணுக்கு ஏறிப் போகிறது என்று யாரும் அழுத்தமாகச் சொல்லவில்லை. சொல்லப்படுவது வேறு. வயிற்றில் பல வருடம் நீடிக்கும் அழற்சி, ரத்தத்தில் சில ரசாயனங்களை ஓடவிடுகிறது. அவை ரத்தக்குழாயின் உள்சுவரை உரசிக் கெடுக்கலாம். உடம்பிலேயே மிக அடர்த்தியாக ரத்தம் ஓடும் இடங்களில் ஒன்றான கோராய்டு அதற்கு இலகுவான இலக்கு. இன்னொரு கருத்து, கிருமியை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்கள், நம் சொந்த ரத்தக்குழாய்ச் சுவரையும் எதிரி என்று தவறாக நினைத்துத் தாக்குகின்றன என்பது.

இரண்டும் கேட்க நியாயமாக இருக்கின்றன. ஆனால் கண் மருத்துவத்தில் நியாயமாகத் தோன்றிய விளக்கம் கவிழ்ந்த கதை சமீபத்திலேயே உண்டு. இதே சி.எஸ்.சி.ஆருக்கு எப்லெரினோன் என்ற மாத்திரை வேலை செய்யும் என்று பல வருடம் எழுதிக் கொடுத்தார்கள். அறிவியல் விளக்கம் அருமையாக இருந்தது. பிரிட்டனில் 114 பேரை வைத்து, யாருக்கு உண்மை மாத்திரை யாருக்கு வெற்று மாத்திரை என்று தெரியாமல் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. வெற்று மாத்திரையைவிட எந்த வகையிலும் மேல் இல்லை என்று முடிந்தது. எச்.பைலோரி விஷயத்தில் அந்த மாதிரி ஒரு கறாரான, பெரிய பரீட்சை நடந்து முடிவு வந்தால்தான் பேச்சு தீரும்.

நம் ஊரில் கணக்கு ஏன் குழம்புகிறது?

இத்தாலியில் 43 சதவீதம் பேரிடம் கிருமி இருந்தது என்றோம். இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இது இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சிறு வயதிலேயே தண்ணீர் வழியாக, வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்கிறது. பலருக்கு ஒரு தொந்தரவும் தராமல் ஆயுள் முழுக்க இருந்துவிடுகிறது.

வானகரம் மீன் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே லோடு இறக்கி, ஏலம் முடித்து, டீக்கடையில் நிற்கும் பத்துப் பேரைப் பிடித்துப் பரிசோதித்தால் ஐந்தாறு பேரிடம் எச்.பைலோரி இருக்கலாம். அவர்களில் ஒருவருக்குக் கண்ணில் நீர் கோர்த்தால், வயிற்றில் கிருமி இருப்பதற்கு ஏற்கெனவே பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கும் கண்ணுக்கும் தொடர்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த பத்துப் பேரும் ராத்திரி தூங்குவதில்லை. 2016-ல் பிரான்ஸில் வெளியான ஆய்வு, ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு சி.எஸ்.சி.ஆர் வரும் வாய்ப்பு அதிகம் என்று சொன்னது. தூக்கம் கெட்டால் உடம்பில் கார்டிசால் ஏறும். கார்டிசால் ஏறினால் கோராய்டு வீங்கும். தூக்கம் கெட்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பவருக்கு வயிறும் எரியும். எண்டோஸ்கோபிக்குப் போவார். கிருமி இருப்பது தெரியவரும். அப்படியானால் கண்ணைக் கெடுத்தது கிருமியா, ராத்திரி வேலையா? மீன் மார்க்கெட் மட்டுமல்ல, அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது ஷிப்ட் பார்ப்பவர், பைபாஸில் ராத்திரி லாரி ஓட்டுபவர், எல்லாருக்கும் இதே கேள்வி பொருந்தும்.

சென்னைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல

ஒரு கிருமி எங்கேயோ இருக்க, விழித்திரை எங்கேயோ கெட்டுப்போகும் புதிரை இந்த நகரம் முன்பே பார்த்திருக்கிறது. ஈல்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. 1880-ல் இங்கிலாந்தில் ஹென்றி ஈல்ஸ் என்ற மருத்துவர் விவரித்தது. அங்கே இன்று அரிதாகிவிட்டது. இந்தியாவில் இளைஞர்களிடம் இன்னும் பார்க்கிறோம். விழித்திரை ரத்தக்குழாய் வீங்கி, திடீரென்று கண்ணுக்குள் ரத்தம் கசியும். காசநோய்க் கிருமிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று பல காலமாகச் சந்தேகம்.

சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2000-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த விழித்திரைப் படலங்களில் காசநோய்க் கிருமியின் மரபணுத் துண்டு இருக்கிறதா என்று பி.சி.ஆர் முறையில் தேடினார்கள். ஈல்ஸ் நோயாளிகளின் படலங்களில் கிட்டத்தட்ட பாதியில் இருந்தது. மற்ற நோயாளிகளின் படலங்களில் பத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. எச்.பைலோரி விவகாரத்தில் குறைவது இந்த மாதிரி, பாதிக்கப்பட்ட இடத்திலேயே எடுத்த தடயம். அப்படிப்பட்ட தடயம் கிடைத்த ஈல்ஸ் நோயிலேயே, எல்லாருக்கும் காசநோய் மாத்திரை கொடுக்கலாமா என்பதில் இன்றைக்கும் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அப்படியென்றால், வயிற்றுக் கிருமிக்கு இவ்வளவு அவசரப்படுவது நியாயமா?

கிருமியைத் தேடும் அவசரத்தில் கோட்டைவிடும் விஷயம்: ஸ்டீராய்டு

சி.எஸ்.சி.ஆருக்கு இதுவரை தெரிந்த காரணங்களில் மிக உறுதியானது எது என்று கேட்டால் பதில் கிருமி இல்லை. ஸ்டீராய்டு.

மாத்திரை, ஊசி, வீசிங்குக்கு இழுக்கும் இன்ஹேலர், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, முட்டி வலிக்குப் போட்ட ஒரு ஊசி, படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் தடவும் க்ரீம் என எந்த வழியாகப் போனாலும், சிலருக்கு விழித்திரையில் நீர் கோர்க்க அது போதும். ஸ்டீராய்டு கலந்த 14 வகை க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. நடைமுறையில் மெடிக்கல் ஷாப்பில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் "நாட்டு மருந்து" என்ற பெயரில் விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு. சாப்பிடுபவருக்கே தெரியாது. கேட்டால் "நான் இங்கிலீஷ் மருந்தே தொடுறதில்லை" என்பார்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு வயிறு எரியும். எரிச்சலுக்கு டெஸ்ட் எடுத்தால் எச்.பைலோரி கிடைக்கும். கண்ணைக் கெடுத்தது ஸ்டீராய்டு, மாட்டிக்கொண்டது கிருமி.

எனவே கண் டாக்டரிடம் போகும்போது கையில் எண்டோஸ்கோபி ரிப்போர்ட் இருக்கிறதோ இல்லையோ, கடந்த ஆறு மாதத்தில் சாப்பிட்டது, தடவியது, இழுத்தது, போட்டுக்கொண்டது எல்லாவற்றையும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டுதான் காரணம் என்று தெரிந்தாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிக் கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அப்படியானால் எச்.பைலோரியை அப்படியே விட்டுவிடலாமா?

அதுவும் இல்லை. வயிற்றுக்காக அதைக் கவனிக்க வலுவான காரணங்கள் இருக்கின்றன. அல்சர் இருந்தால், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் வந்திருந்தால் பரிசோதித்து ஒழிப்பதுதான் முறை. சென்னையில் அடையாறு புற்றுநோய் மையம் 1980-களின் தொடக்கத்தில் இருந்து நடத்திவரும் பதிவேட்டில், ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களின் வரிசையில் வயிற்றுப் புற்றுநோய் நெடுங்காலமாக இருக்கிறது. கண்ணைவிட இது பெரிய காரணம்.

கண்ணுக்கும் மறைமுகமாக ஒரு பாதை உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பல வருடம் நீடிக்கும் வயிற்று அழற்சி, இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கடுமையான ரத்தசோகை வந்தால் விழித்திரையில் ரத்தப்புள்ளிகள் வரலாம். பி12 மிகவும் குறைந்தால் பார்வை நரம்பே பாதிக்கப்படலாம். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த டெஸ்ட் வேண்டாம், சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஆரம்பிக்கலாம்.

கிருமிக்கான பரிசோதனையிலும் ஒரு குழப்பம். ஹெல்த் பேக்கேஜில் சேர்த்துக் கொடுக்கும் ரத்த ஆன்டிபாடி டெஸ்ட், கிருமி எப்போதோ வந்து போயிருந்தாலும் பாசிட்டிவ் காட்டும். இப்போது இருக்கிறதா என்று சொல்ல மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, அல்லது எண்டோஸ்கோபியில் எடுக்கும் துளி சதை. இவற்றுக்கு முன் கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டு நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பான்டாப் போட்டுக்கொண்டே போய் டெஸ்ட் எடுத்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

சிகிச்சை என்பது இரண்டு மூன்று ஆன்டிபயாடிக்குகளும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்து, பெரும்பாலும் 14 நாள். வாய் கசக்கும், வயிற்றைப் பிரட்டும். ஐந்தாம் நாள் பாதியில் விடுபவர்கள் அதிகம். இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் அடங்காத எச்.பைலோரி ஏற்கெனவே பரவலாக இருக்கிறது. கண்ணுக்கு நல்லதாமே என்று யாரோ சொன்னதைக் கேட்டு அரைகுறையாகச் சாப்பிட்டால், நாளைக்கு உண்மையாகவே அல்சர் வரும்போது மருந்து வேலை செய்யாது.

கண்ணில் கோடு வளைந்தால் முதலில் எங்கே?

கண் டாக்டரிடம். ஓ.சி.டி ஸ்கேன் எடுத்தால் சில நிமிடத்தில் நீர் கோர்த்திருப்பது தெரிந்துவிடும். வலி இல்லை, ஊசி இல்லை. தனியாரில் செலவு பற்றிக் கவலை இருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் தொடங்கியது, உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இதே அறிகுறிகள் வேறு விழித்திரை நோய்களிலும் வரும், குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கு. அவற்றில் சிலவற்றுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தால் பார்வை போய்விடும். அதனால்தான் "வயித்துல கிருமி, அதான் கண்ணு மங்குது" என்று நாமே முடிவு கட்டுவது ஆபத்து.

சி.எஸ்.சி.ஆர் என்று உறுதியானால் பெரும்பாலும் டாக்டர் சொல்வது, ஸ்டீராய்டு இருந்தால் குறைப்போம், தூங்குங்கள், மூன்று மாதம் பார்ப்போம் என்பதுதான். "மருந்தே கொடுக்கல, என்ன டாக்டர் இவரு" என்று பலர் கோபப்பட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை காத்திருப்பதும் சிகிச்சையே. நீர் வற்றாமல் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ ஃபோட்டோடைனமிக் தெரபி என்ற ஒளிச் சிகிச்சை இருக்கிறது. குறைந்த அளவு மருந்தோடு செய்யும் அந்த முறை, மைக்ரோபல்ஸ் லேசரைவிட நன்றாக வேலை செய்வதாக 2018-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஒருமுறை சரியானவர்களில் கணிசமானோருக்குத் திரும்ப வருகிறது. அப்படித் திரும்ப வரும்போது, வேறு எந்தக் காரணமும் பிடிபடாமல், வயிற்றுத் தொந்தரவும் இருந்தால், "எச்.பைலோரி டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். அப்போது வயிற்று ஃபைலையும் கையோடு எடுத்துப் போங்கள்.